“வீட்டுல சொல்லிடுவேன்!”

குழந்தைகளும் செல்போனும் என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் புதிதல்ல. 2017-ல் அது, உயிரை மாய்க்கத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ என்ற இணைய விளையாட்டின் பெயரில் வந்தது. 2019-ல் ‘டிக்டாக்’ என்ற பெயரில் வந்தது. 2025 டிசம்பரில், ‘ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்றை மத்திய அரசு யோசிக்கலாம்’ என்று நீதிபதிகளே சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

முதல் இரண்டும் எப்படி முடிந்தன என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 2017 ஆகஸ்ட் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் இறந்ததும், ‘நீலத் திமிங்கிலம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது’ என்று தொலைக்காட்சிகள் அலறின. நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கைகள் பறந்தன. சில மாதங்கள் கழித்து மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது: நாட்டில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவங்களை ஒரு குழு ஆராய்ந்தது, எதிலும் புளூ வேல் விளையாட்டுக்குப் பங்கு இருப்பதாக நிறுவ முடியவில்லை. இந்தப் பதிலுக்கு அலறல் எதுவும் எழவில்லை.

டிக்டாக் கதை இன்னும் குறுகியது. 2019 ஏப்ரல் 3 அன்று, குழந்தைகள் ஆபாசத்துக்கும் முன்பின் தெரியாதவர்களின் தொடர்புக்கும் ஆளாகிறார்கள் என்ற கவலையில், அதைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து எடுத்தன. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. அடுத்த ஆண்டு ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளுள் ஒன்றாக அதற்கு மூடுவிழா நடத்தியபோது சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. அந்தக் காரணத்தில் குழந்தைகளுக்கு இடமில்லை. டிக்டாக் போன இடத்தில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் சில நாட்களிலேயே வந்து உட்கார்ந்தது.

பப்ஜி விஷயத்திலும் இதேதான். 2020 செப்டம்பரில் தடை வந்தது. 2021 ஜூனில் தருமபுரியில் ஒரு யூடியூபரைப் போலீஸ் பிடித்தது. தடை செய்யப்பட்ட அதே விளையாட்டை நேரலையில் ஆடிக்கொண்டே, பெண்களை வாயில் சொல்லக் கூசும் வார்த்தைகளால் பேசினார் என்பது புகார். அவருடைய ரசிகர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோதுதான் அந்த ஒலிப்பதிவுகளை நீதிமன்றமே கேட்டு அதிர்ந்தது. பல வீடுகளிலும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். ஹெட்போனுக்குள் மாதக்கணக்கில் ஓடிய பேச்சு அது.

ஆக, ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது ஒரு செயலி. செயலிகள் வரும், போகும். ஆபத்து வரும் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வரும் மெசேஜ். அதை வீட்டில் சொல்ல வாய் வராத பிள்ளை. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

பத்து நிமிஷம் டைம்

ஆன்லைன் மிரட்டல் வழக்குகளைப் பார்த்தால், ஊரும் மொழியும் மாறினாலும் அடுக்கு மாறுவதில்லை. முதலில் ஒரு ஃபாலோ ரிக்வெஸ்ட். பதினைந்து வயதுப் பையனுக்கு, அதே வயதுப் பெண்ணின் முகத்தோடு ஒரு ஐடி. ஏற்கெனவே வகுப்பில் மூன்று பேர் அந்த ஐடியோடு நட்பில் இருக்கிறார்கள் என்று காட்டும். அந்த மூன்று பேருக்கும் அது யாரென்று தெரியாது. மற்றவர்கள் இருக்கிறார்களே என்று அவர்களும் சேர்த்துக்கொண்டவர்கள்தான். “ஹாய்.” “எந்த ஸ்கூல்?” “எங்களுக்கும் அதே டைம்லதான் எக்ஸாம்.” இரண்டு நாள் இப்படிப் போகும். விளையாட்டில் பழக்கம் என்றால், பையன்கள் காசு போட்டு வாங்கும் ‘டைமண்ட்’டை இலவசமாகத் தருவதாகச் சொல்லித் தொடங்கும்.

பிறகு, “இங்க வேணாம், டெலிகிராமுக்கு வா.” கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பலரும் நடமாடும் கடைத்தெருவிலிருந்து ஆளில்லாத சந்துக்குள் அழைக்கும் வேலை இது. சந்துக்குள் போனதும் அந்தப் பக்கமிருந்து ஒரு படம் வரும். அது இணையத்தில் எங்கோ திருடிய படம். பதிலுக்கு ஒன்று கேட்கப்படும். கொடுத்த அடுத்த நிமிடம் அந்தப் பெண் மறைந்துவிடுவாள். வருவது இரண்டு ஸ்கிரீன்ஷாட்: ஒன்று, பையன் அனுப்பிய படம்; இன்னொன்று, அவனுடைய ஃபாலோயர்ஸ் பட்டியல். அதில் அக்காவும் இருப்பாள், டியூஷன் சாரும் இருப்பார். “பத்து நிமிஷம் டைம். பணம் அனுப்பு. இல்லேன்னா வீட்டுல சொல்லிடுவேன்.”

மிரட்டுகிறவன் கையில் இருப்பது அந்தப் படம் மட்டுமல்ல. அப்பா அடிப்பார், அம்மா அழுவார், போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடம் மாற்றுவார்கள் என்று பிள்ளை நினைக்கிறதே, அந்த நினைப்புதான் அவனுடைய முதலீடு. அதை அவன் கொண்டுவரவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு நடந்தது இதே அடுக்குதான். ஹேக் செய்யப்பட்ட ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு, ஒரு பெண்ணின் முகம், ஒரு படம், ஆயிரம் டாலர் கேட்டு மிரட்டல். இருந்த 300 டாலரை அவன் அனுப்பினான். மிரட்டல் நிற்கவில்லை. முதல் மெசேஜுக்கும் அவன் உயிரை விட்டதற்கும் இடையே முழுதாக ஓர் இரவுகூட இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. கணக்குக்குப் பின்னால் இருந்தவர்கள் நைஜீரியாவின் லாகோஸைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே வலையை வீசியிருந்தார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024 செப்டம்பரில் தலா பதினேழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மெட்டா நிறுவனம், இப்படிப்பட்ட மிரட்டலில் ஈடுபட்டதாக நைஜீரியாவில் சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை நீக்கியது. ஏதோ ஒரு தனிமனித வக்கிரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஷிப்ட் போட்டு நடக்கும் தொழில்.

நம் பக்கத்தில் பொள்ளாச்சி பாலியல் வழக்கு இருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பெண்கள், அதனால் அதைக் குழந்தைகள் வழக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் இயங்கிய விதம் ஒன்றே: போலி முகநூல் பழக்கம், வீடியோ, பிறகு மிரட்டல். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து வீட்டில் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. வந்ததும் என்ன நடந்தது? புகார் கொடுத்தவரின் அடையாளத்தை அதிகாரிகளே வெளியே விட்டார்கள். அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டு. இந்த ஆறு ஆண்டில் எத்தனை வீடுகள் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்க முடியாது.

பதிமூன்று என்ற எண்

பிள்ளைகள் போனில் பாடம் படிக்கிறார்கள் என்பது பெற்றோர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். கிராமப்புற இந்தியாவில் பள்ளிக் கல்வியை ஆராயும் ‘அசர்’ அறிக்கை 2024-ல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்தவர்கள் 82.2 சதவீதம். அவர்களில், கேட்டதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். கவலைப்பட வேண்டியது அடுத்த வரி. சமூக ஊடகத்தில் இருப்பவர்களில் ஒரு கணக்கை பிளாக் செய்யவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். தன் கணக்கைப் பிரைவேட்டாக மாற்றத் தெரிந்தவர்கள் 55.2 சதவீதம். அதாவது, கிட்டத்தட்ட பாதிப் பேர் வாசல் கதவைத் தாழ் போடத் தெரியாமலே அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் 13 வயது நிரம்பியவர்கள் சேரலாம். இந்தப் பதிமூன்று எங்கிருந்து வந்தது? குழந்தை மருத்துவர்களோ உளவியலாளர்களோ உட்கார்ந்து முடிவு செய்தது என்று நினைத்தால் தவறு. 1998-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களை இணையதளங்கள் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக் கூடாது என்றது. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு 12 ஆண்டுகள் முன்பு. நிறுவனங்கள் அதைச் சுலபமாகத் தாண்டின: ‘பதிமூன்று ஆகவில்லையா? சேராதே’ என்று எழுதிவைத்தார்கள். சேர்கிறவர் உண்மையைச் சொல்கிறாரா என்று பார்க்கவில்லை. தகவல் திரட்டுவதைக் கட்டுப்படுத்தப் போட்ட கோடு, உலகம் முழுக்கக் குழந்தைப் பருவத்தின் எல்லையாக ஆகிப்போனது.

இந்தக் கோட்டைத்தான் ஆஸ்திரேலியா அழித்து வேறு இடத்தில் போட்டது. 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விச் ஆகியவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. அந்தச் சட்டத்தில் உருப்படியான அம்சம், தண்டனை யாருக்கு என்பதில் இருக்கிறது. பிள்ளைக்குத் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் இல்லை. தடுக்கத் தவறிய நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். முதல் சில வாரங்களிலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. மலேசிய அரசும் 16 வயது வரம்பு கொண்டுவரப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

ஆனால் ஆஸ்திரேலியப் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை, டிஸ்கார்ட் இல்லை, ரோப்ளாக்ஸ் இல்லை. மேலே சொன்ன அந்தச் சந்துகள் திறந்தே இருக்கின்றன. இன்னொரு குரலையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2017-ல் லண்டனில் 14 வயது மோலி ரஸ்ஸல் இறந்தாள். கடைசி ஆறு மாதங்களில் அவள் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வும் தற்கொலையும் சார்ந்தவை என்று 2022-ல் நடந்த மரண விசாரணையில் தெரிந்தது.  அவள் கேட்காமலே தளத்தின் கணக்கீடு தேடிக் கொண்டுவந்து கொட்டியவையும் அவற்றில் இருந்தன. அவளுடைய அப்பா இயன் ரஸ்ஸல் அன்றிலிருந்து நிறுவனங்களோடு மல்லுக்கட்டுகிறவர். அவரே வயதுத் தடையை ஆதரிக்கவில்லை. இருக்கும் சட்டங்களை ஒழுங்காக அமல்படுத்துங்கள், தளங்களைப் பாதுகாப்பாகக் கட்டச் சொல்லுங்கள் என்பது அவர் கட்சி. தடை போட்டால் நிறுவனங்கள் ‘எங்களிடம் குழந்தைகளே இல்லை’ என்று கை கழுவிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஓடிபி யாருக்கு வரும்?

இந்தியா எடுத்திருப்பது வேறு வழி. 2023-ல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதமின்றி அவர்களின் தகவலைக் கையாளக் கூடாது. அவர்கள் நடமாட்டத்தைப் பின்தொடரக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். படிக்க நன்றாகவே இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்தப் பகுதி நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம்.

வந்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம் வீடுகளில் பாதி போன்கள் பொதுச் சொத்து. சிம் அப்பா பெயரில், போன் அம்மா கையில், பாஸ்வேர்டு பிள்ளைக்கு மட்டும் தெரியும். காஸ் சிலிண்டர் புக் செய்வதிலிருந்து வங்கிக் கணக்கு வரை வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதே எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். பெற்றோரின் சம்மதம் கேட்டு ஓடிபி வந்தாலும் அதே போனுக்குத்தான் வரும்.

குற்றவியல் சட்டத்தில் இந்தியா சோடை போகவில்லை. அதற்கு அம்பத்தூரிலிருந்து போன ஒரு வழக்கே சாட்சி. குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்களைச் செல்போனில் வைத்திருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை, வெறுமனே தரவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று சொல்லி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவில் குற்றமாகலாம் என்றது. குழுவில் யாரோ அனுப்பியதை ‘பாவம் அந்தக் குழந்தை’ என்று எழுதி, எச்சரிக்கைக்காக நாலு குழுவுக்கு ஃபார்வர்டு செய்யும் நல்லவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இத்தகைய படங்களை வைத்திருப்பவர்கள் பிடிபடும் விதம் சுவாரஸ்யமானது. ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஓர் எண்வரிசையைக் கணித்து வைத்திருக்கிறது. ‘ஹாஷ்’ என்பார்கள். அதே படம் வேறொரு கணக்கில் ஏறினால் எண் ஒத்துப்போய் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க நிறுவனங்கள் அதை அங்குள்ள காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். மையம் அந்தந்த நாட்டுக்கு அனுப்பும். 2019-ல் இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இதற்கு ஒப்பந்தம் போட்டது. அந்த டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார். 2023-ல் மட்டும் அந்த மையத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து வந்த 3.62 கோடி தகவல்களில் இந்தியாவோடு தொடர்புடையவை சுமார் 89 லட்சம். இவ்வளவு குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே வீடியோ ஆயிரம் பேரிடம் சுற்றினாலும் ஆயிரம் தகவலாகும். ஆனால் அந்த ஆண்டு எந்த நாட்டுக்கும் இதைவிடப் பெரிய எண் இல்லை.

இப்போது இந்த எண்வரிசை உத்தியே திணறுகிறது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படம் ஒவ்வொன்றும் புதிது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் கிடையாது. 2023 செப்டம்பரில் ஸ்பெயினின் அல்மென்திராலெஹோ என்ற சிறு ஊரில், 11 முதல் 17 வயது வரையிலான இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் ஆடையற்ற படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. படங்கள் போலி, முகங்கள் உண்மை. அவர்கள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த சாதாரணப் படங்களை ஒரு செயலியில் கொடுத்து உருவாக்கியவை. செய்தவர்கள் வெளியூர்க் கும்பலல்ல, அதே ஊர்ப் பையன்கள். 2024-ல் சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அங்கே முதலில் குரல் கொடுத்தவர் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் தாய். மகப்பேறு மருத்துவரான அவர், தன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே வந்து வெளிப்படையாகப் பேசினார். அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் வாய் திறந்தன.

இந்தப் படங்களுக்கு மூலப்பொருளைத் தருவதில் பெரியவர்களும் சளைத்தவர்களல்ல. முதல் நாள் பள்ளிச் சீருடையில், அடையாள அட்டை நெஞ்சில் தொங்க, பள்ளிப் பெயர்ப்பலகை பின்னால் தெரிய ஸ்டேட்டஸ் போடாத அம்மாக்கள் குறைவு. குளிப்பாட்டும் வீடியோவை ‘க்யூட்’ என்று ரீல்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் யூடியூப், சிறுவர் சிறுமியர் இடம்பெறும் கோடிக்கணக்கான வீடியோக்களில் கமென்ட் பகுதியையே மூடியது. பிள்ளைகள் நீச்சலடிப்பதும் உடற்பயிற்சி செய்வதுமான சாதாரண வீடியோக்களின் கீழே வக்கிரக்காரர்கள் நிமிடக் குறிப்போடு கூடிப் பேசிக்கொண்டிருந்தது அம்பலமானதால். அப்படிப்பட்ட வீடியோக்களைப் பெற்றோரே ஏற்றுவதும் உண்டு.

திட்டுவதற்கு முன்

பிள்ளை வந்து சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுங்கிக்கொண்டே சொல்கிறது. அடுத்த ஐந்து நிமிடம் பெற்றோர் செய்வதில்தான் மிரட்டுகிறவனின் கதி இருக்கிறது. வழக்கமாக நடப்பது: போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பது. அழித்தால் போவது சாட்சியம்தான். அவனுடைய ஐடி, சாட், பணம் கேட்ட யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பக் கூடாது, புகாருக்காகக்கூட. பணம் கொடுக்கக் கூடாது; கொடுத்த வீட்டுக்குத்தான் மறுபடி மறுபடி வருவான். பிறகு பிளாக்.

படம் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஓரளவு மருந்து இருக்கிறது. அதே அமெரிக்க மையம் 2023-ல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவையில், படத்தை எங்கும் அனுப்பாமல், போனிலேயே அதன் எண்வரிசையை மட்டும் உருவாக்கிப் பதியலாம். பெயர் சொல்ல வேண்டாம், கட்டணம் இல்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உள்ளிட்ட பங்கேற்கும் தளங்கள் அந்த எண் வந்தால் தடுத்துவிடும். வாட்ஸ்அப் போல பூட்டிய உரையாடலுக்குள் இது எட்டாது.

புகாருக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளம் இருக்கிறது. குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. குழந்தைகளே கூப்பிட 1098. பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் உண்டு. பிள்ளை உடைந்துபோயிருந்தால் 14416-ல் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். ‘ஸ்டேஷனுக்கா?’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: போக்சோ வழக்கில் குழந்தை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பொள்ளாச்சிக்குப் பிறகு இதை நம்பச் சொல்வது கடினம்தான். இருந்தாலும் சட்டம் கையில் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் மீறுகிறவரைக் கேட்க முடியும்.

வருமுன் செய்வதற்கும் சில உண்டு. இன்ஸ்டாகிராம் ‘டீன் அக்கவுன்ட்’ என்ற ஏற்பாட்டை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் கணக்கு தானாகவே பிரைவேட். அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்பு வராது. 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். இவ்வளவும் கிடைக்க ஒரே நிபந்தனை, பிறந்த தேதி உண்மையாக இருக்க வேண்டும். ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று 2000 என்று போட்டுக் கணக்கு திறந்து கொடுத்தது பெரும்பாலும் மாமாவோ அண்ணனோதான். அந்தப் பிள்ளை இன்ஸ்டாகிராமின் கண்ணில் 25 வயதைத் தொட்டுவிட்ட ஆள். அதைத் திருத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவதே நல்லது என்று சொல்கிறவர்கள் 2021 மே மாதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா ஊரடங்கு. சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர், ஆன்லைன் வகுப்பில் நடந்துகொண்ட விதம் குறித்த புகாரில் போக்சோவில் கைதானார். அந்தப் புகார்கள் முதலில் வெளியே வந்தது இன்ஸ்டாகிராமில், முன்னாள் மாணவிகளின் பதிவுகளாக. ஒருவர் எழுத, இன்னொருவர் ‘எனக்கும்’ என்று எழுத, ஒரே வாரத்தில் மற்ற பள்ளிகளின் பெயர்களும் வரிசையாக வந்தன. வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாததை அந்தப் பெண்கள் சொல்லக் கிடைத்த ஒரே இடம் அதுவாக இருந்தது. அதன் பிறகுதான் ஆன்லைன் வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும், ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை குழந்தைகள் மீதான வன்கொடுமைத் தடுப்பு வாரம் நடத்த வேண்டும் என்றெல்லாம் தமிழக அரசு விதி வகுத்தது.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி தொங்குகிறது. பெட்டிக்குள் துண்டுச் சீட்டு போடும் பிள்ளைக்கு, அதைத் திறப்பவர் தன் அப்பாவைக் கூப்பிட்டு முதல் வேலையாகக் கோள் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோர் இப்போது கூடுகிறார்கள். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசப்படுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெற்றோர் கையில் இருக்கும் போனை வைத்தே பிளாக் செய்வது எப்படி, பிறந்த தேதியைத் திருத்துவது எப்படி என்று காட்டலாம். கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், அசர் கணக்குப்படி பார்த்தாலும் சமூக ஊடகத்தில் இருக்கும் பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு பிளாக் செய்யத் தெரிந்திருக்கும்.